அறுவைச் சிகிச்சை வலிக்கு ஒரு கை வைத்தியம்

ஆறுமுகநேரி உப்பளம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் என் மாமாவுக்குக் குடலிறக்கம். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் மாலை நான் பார்க்கப் போனபோது, அத்தை கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து மாமாவின் கெண்டைக்காலை அழுத்திப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் நடப்பது இதுதானே! அந்த வழியாக வந்த நர்ஸ் பதறிப்போய் ஓடி வந்தார்.

"அம்மா, கெண்டைக்காலைப் பிடிக்காதீங்க! பிடிச்சுத்தான் விடணும்னா கையைப் பிடிச்சு விடுங்க. மெதுவா, ஒரு அஞ்சு நிமிஷம்."

நர்ஸ் அப்பால் போனதும் அத்தை என் பக்கம் திரும்பினார். "ஆபரேசன் பண்ணது வயித்துல. கையைப் பிடிச்சா வயித்து வலி எப்படிப் போகும்? காலைப் பிடிச்சா என்ன கெட்டுப் போகும்? நீதான் சயன்ஸ் படிச்சவனாச்சே, சொல்லு பார்ப்போம்."

இரண்டும் நல்ல கேள்விகள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அன்று இரண்டுக்கும் சரியான விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கு உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள் இப்படிப் படுத்திருக்கக்கூடும். அப்போது கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

நடந்து வரும் வலியும் ஓடி வரும் வலியும்

திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கல்லில் கால் கட்டை விரலை இடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உணர்வது ஒன்றல்ல, மூன்று. முதலில், ஏதோ இடித்தது என்ற உணர்வு. அடுத்து, சுருக்கென்று ஊசி குத்தியது போன்ற வலி. ஏறக்குறைய ஒரு வினாடி கழித்து, விண்ணென்று தெறிக்கும், நெடுநேரம் நீடிக்கும் மந்தமான வலி. அடி ஒன்றுதான். செய்திகள் ஏன் மூன்று தவணையாக வருகின்றன?

காரணம், அவை மூன்று வெவ்வேறு நரம்பு இழைகளில் பயணம் செய்கின்றன. தொடுதலையும் அழுத்தத்தையும் எடுத்துச் செல்பவை ஏ-பீட்டா எனப்படும் பருத்த இழைகள். இவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை உண்டு. மின்கம்பிக்கு ரப்பர் உறை போட்டது போல என்று சொல்லலாம். இவற்றில் செய்தியின் வேகம் வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர். சுருக்கென்ற வலியை எடுத்துச் செல்லும் ஏ-டெல்டா இழைகள் மெலிந்தவை, உறையும் மெல்லியது. வேகம் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர். மந்தமான வலிக்கு உரிய சி இழைகளுக்கு உறையே கிடையாது. அவற்றின் பருமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. வேகம் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டை விரலிலிருந்து முதுகுத் தண்டுவரை சுமார் 1 மீட்டர். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வரும் தொடு உணர்வு 0.02 வினாடியில் வந்து சேர்ந்துவிடும். 15 மீட்டர் வேகத்தில் வரும் சுருக் வலிக்கு 0.07 வினாடி. 1 மீட்டர் வேகத்தில் வரும் மந்த வலிக்கு ஒரு முழு வினாடி வேண்டும். மணிக் கணக்கில் சொன்னால் முதலாவது 180 கிலோமீட்டர். திருச்செந்தூர் ரயில் இதை எட்டிப்பிடிக்க முடியாது! இரண்டாவது 54 கிலோமீட்டர், நம் ஊர் பஸ்ஸின் வேகம். மூன்றாவது 3.6 கிலோமீட்டர், பாதயாத்திரை போகிறவரின் நடை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுத்திருப்பவரை வாட்டும் வலியில் பெரும்பங்கு இந்த நடைப் பயணிகளுடையது. கத்தி பட்ட திசுக்களிலிருந்து வெளிப்படும் வேதிப் பொருள்கள் சி இழைகளின் முனைகளைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கின்றன.

மடையை அடைக்கும் கை

காலை இடித்துக்கொண்டவர் அடுத்து என்ன செய்கிறார்? குனிந்து அந்த இடத்தைப் பரபரவென்று தேய்க்கிறார். யாரும் அவருக்கு இதைக் கற்றுத்தரவில்லை. தேய்த்தால் வலி சற்றுக் குறைவது ஏன் என்பதற்கு 1965-ல் ஒரு விளக்கம் கிடைத்தது. கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், ஆங்கிலேய நரம்பியலாளர் பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை அது. அதில் அவர்கள் சொன்ன கருத்தை 'வாயில் கோட்பாடு' என்கிறார்கள்.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு வாயிலைவிட மடை என்றால் எளிதில் விளங்கும். உப்பளத்தில் வாய்க்கால் வழியே வரும் உவர்நீர் எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்பதை மடை தீர்மானிக்கிறது. ஒரு கூடை மண்ணைப் போட்டு மடையை அடைத்தால் நீர் நின்றுவிடும். நம் முதுகுத் தண்டின் பின்புறப் பகுதியிலும் இப்படி மடைகள் உள்ளன. தோலிலிருந்து வரும் வலிச் செய்தி மூளைக்கு நேராகப் போய்விடுவதில்லை. இந்த மடையில் நின்று, வேறொரு நரம்பணுவுக்கு மாறித்தான் மேலே போக வேண்டும். தொடு உணர்வைக் கொண்டுவரும் பருத்த இழைகள் அதே இடத்தில் உள்ள தடுப்பு அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அவை வலிச் செய்தியின் வழியைக் குறுக்குகின்றன. வலி நின்றுவிடுவதில்லை. மேலே போகும் அளவு குறைகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கருத்து வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை. வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற அறுவை மருத்துவரும் தோலின் வழியே சிறு மின் துடிப்புகளைச் செலுத்திப் பருத்த இழைகளை மட்டும் தூண்டினால் வலி தணிகிறது என்று 1967-ல் காட்டினார்கள். முதலில் தங்கள்மீதே செய்து பார்த்தார்கள். இன்று பிசியோதெரபி நிலையங்களில் முதுகில் பட்டைகளை ஒட்டி மின் துடிப்புக் கொடுக்கிறார்களே, அந்தக் கருவியின் பிறப்பு இதுதான். மெல்சாக்கும் வாலும் வரைந்த இணைப்புப் படத்தின் நுணுக்கங்கள் சில பின்னாளில் தவறென்று தெரியவந்தன. ஆனால் முதுகுத் தண்டிலேயே வலி திருத்தப்படுகிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

அத்தை கேட்டது நியாயமே

இங்கேதான் என் விளக்கம் தடுமாறியது. காலை இடித்தவர் காலைத் தேய்க்கிறார். காலின் வலியும் காலின் தொடு உணர்வும் ஒரே மடைக்கு வருகின்றன. ஆனால் மாமாவுக்கு வலி அடிவயிற்றில், தேய்ப்பது கையில். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் முதுகுத் தண்டில் தனித்தனி மட்டம் உண்டு. தொப்புளுக்கு உரியது பத்தாவது மார்பு நரம்பு. அடிவயிறும் தொடை மடிப்பும் பன்னிரண்டாவது மார்பு நரம்புக்கும் முதல் இடுப்பு நரம்புக்கும் உரியவை. கைவிரல்களுக்கு உரியவையோ கழுத்துப் பகுதியின் ஆறாவது, ஏழாவது, எட்டாவது நரம்புகள். இரண்டு மட்டங்களுக்கும் இடையே முதுகுத் தண்டில் ஒரு சாணுக்கும் மேலான தூரம். ஒரு பாத்தியின் மடையை அடைத்தால் எங்கோ இருக்கும் இன்னொரு பாத்திக்கு நீர் நிற்குமா? எனவே வாயில் கோட்பாட்டை மட்டும் வைத்து அத்தைக்குப் பதில் சொல்ல முடியாது. பல நூல்களில் இந்த இடத்தைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விடையின் மறுபாதி மூளையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944-ல், இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் அமெரிக்க டாக்டர் ஹென்றி பீச்சர் பணிபுரிந்தார். கடும் காயங்களுடன் கொண்டுவரப்பட்ட வீரர்களிடம், "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டார். நான்கில் மூவர் வேண்டாம் என்றார்கள்! 1946-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். காயம் பெரிது, வலி சிறிது. போர்க்களத்திலிருந்து உயிரோடு தப்பிவிட்டோம் என்ற நினைப்பு வலியின் அளவையே மாற்றிவிட்டது.

இது வெறும் மன உறுதியின் கதை அன்று. 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்சாரத்தைச் செலுத்தினார். மயக்க மருந்து இல்லாமலே அந்த எலிக்கு வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது. அந்த இடத்திலிருந்து நரம்புப் பாதைகள் கீழ்நோக்கி இறங்கி, முதுகுத் தண்டின் எல்லா மட்டங்களிலும் உள்ள மடைகளுக்கு வருகின்றன. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹ்யூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையே சுரக்கும், மார்ஃபீன் போன்ற பொருளான என்கெஃபலினைக் கண்டறிந்தார்கள். ஆக, மடைகளுக்குக் காவலர் இருவர்: பக்கத்திலிருந்து தடுப்பது தொடு உணர்வு, மேலிருந்து உத்தரவிடுவது மூளை. அச்சமும் தனிமையும் மிகுந்தால் மூளை மடையை அகலத் திறக்கவும் கூடும். அமைதியும் பாதுகாப்பு உணர்வும் இருந்தால் அடைக்கும். கையைப் பிடித்துவிடும்போது வயிற்று வலி குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான்.

மூளைக்கு 'அஞ்சாதே' என்று சொல்லும் செய்தி எந்த வழியே போகிறது? அதற்கும் ஒரு தனி இழை உண்டு என்பது வியப்பான செய்தி. சி இழைகள் எல்லாம் வலிக்கே உரியவை அல்ல. முடியுள்ள தோலில், அதாவது முதுகிலும் முன்கையிலும் புறங்கையிலும், மென்மையான வருடலுக்கு மட்டும் பதிலளிக்கும் சி இழைகள் உள்ளன. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மிக மெல்லிய உலோக ஊசியை விழித்திருக்கும் மனிதரின் நரம்பிலேயே செருகி இவற்றின் மின் துடிப்பை அளந்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: வினாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போது இந்த இழைகள் மிக அதிகமாகத் துடிக்கின்றன. அதே வேகத்தைத்தான் மக்களும் 'இதமாக இருக்கிறது' என்கிறார்கள். அதைவிட விரைவாகவோ மெதுவாகவோ வருடினால் இரண்டும் குறைகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை ஏறக்குறைய 25 செ.மீ. இருக்கும். நண்பரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அந்தத் தூரத்தை விரல்களால் அரை வினாடியில் வருடுங்கள். பிறகு 8 வினாடியில் வருடுங்கள். அடுத்து ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் தூசி தட்டுவது போலவும், மூன்றாவதில் எறும்பு ஊர்வது போலவும் இருக்கிறது என்பார். இரண்டாவதன் வேகம் வினாடிக்கு சுமார் 3 செ.மீ. "மெதுவா" என்று அந்த நர்ஸ் சொன்னதற்கு அளவு இதுதான்.

எவ்வளவு குறைகிறது?

விளக்கம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் வலி குறைகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். வலியை அளக்க மீட்டர் இல்லை. '0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி, உங்களுக்கு எத்தனை?' என்று நோயாளியையே கேட்கிறார்கள். அலகில்லாத இந்த அளவையைப் பார்த்தால் பௌதிகக்காரனுக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் வேறு வழியில்லை. வலி என்பதே உணர்கிறவர் சொல்வதுதான்.

2004-ல் அமெரிக்கச் செவிலியர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை முடிந்த 18 பேருக்கு இரு கைகளையும் இரு பாதங்களையும் ஒவ்வொன்றும் 5 நிமிடமாக, மொத்தம் 20 நிமிடம் பிடித்துவிட்டார்கள். வலியின் சராசரி 4.65-லிருந்து 2.35-க்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பிடித்துவிடப்படாத ஒரு குழு அதில் இல்லை. வலி தானாகவே குறைந்திருக்கலாம். முன்பே விழுங்கிய மாத்திரை வேலை செய்திருக்கலாம்.

இந்தக் குறையை நீக்கிய பெரிய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான இரு மருத்துவமனைகளில், மார்பிலோ வயிற்றிலோ பெரிய அறுவை செய்துகொண்ட 605 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களைச் சீட்டுப் போட்டதுபோல மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு, ஒருவர் வந்து 20 நிமிடம் கூடவே இருப்பார். மூன்றாவது குழுவுக்கு மாலைதோறும், 5 நாள் வரை, 20 நிமிடம் முதுகை மெல்ல நீவிவிட்டார்கள். நீவிவிடப்பட்டவர்களின் வலி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் வலியைவிட உடனடியாகவும் குறைந்தது. முதல் 4 நாள்களில் விரைவாகவும் தணிந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாள்களோ, மார்ஃபீன் வகை மருந்தின் அளவோ, அறுவைக்குப் பின்வரும் சிக்கல்களோ குறையவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் சொல்வதில்லை. பிடித்துவிடுதல் மருந்துக்குத் துணை, மாற்று அன்று. பிரசவ அறுவைக்குப் பின் வரும் வலிக்கு இத்தகைய துணை முறைகள் உதவுமா என்று பல ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கையும், பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றுகளின் உறுதி குறைவு என்றுதான் சொல்கிறது. 'கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் பெருமளவு குறைகிறது' என்ற கூற்றையும் அடிக்கடி படிக்கிறோம். 2011-ல் இதைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் அந்தக் குறைவு மிக மிகச் சிறியது என்று கண்டார்கள். நஞ்சு வெளியேறுகிறது என்பது போன்ற விளம்பரங்களுக்கோ ஆதாரமே இல்லை.

சிறிதளவு வலி குறைந்து என்ன ஆகப்போகிறது என்று எண்ணிவிடாதீர்கள். வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து இருமாமல், ஆழ்ந்து மூச்சு விடாமல் கிடந்தால் நுரையீரலில் சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காமல் கிடந்தால் வருவது இன்னொன்று. அதுதான் அத்தையின் இரண்டாவது கேள்விக்கு விடை.

கெண்டைக்காலில் என்ன ஆபத்து?

காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். இதற்கு உதவும் பம்பு கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது தசை சுருங்கி, ஆழத்திலுள்ள சிரைகளை அழுத்துகிறது. சிரைகளில் உள்ள ஒருவழி வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. படுத்தே கிடந்தால் பம்பு நிற்கிறது. இரத்த ஓட்டம் தளர்கிறது. அத்துடன் காயத்தை மூடுவதற்காக, அறுவைக்குப் பிறகு இரத்தத்தின் உறையும் தன்மையும் கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கெண்டைக்காலின் சிரையில் இரத்தக் கட்டி உருவாகலாம். வெளியே ஒன்றும் தெரியாமலே கூட இருக்கும்.

அந்த நிலையில் காலை அழுத்திப் பிசைந்தால் கட்டி பிய்ந்து இரத்தத்தோடு புறப்படும். கால் சிரையிலிருந்து இதயம் வரை வழி போகப் போக அகலமாகிக்கொண்டே போவதால், தடையில்லாமல் இதயத்தின் வலப்பக்கம் போய்ச் சேரும். அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படும். நுரையீரலில் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து குறுகுகின்றன. கட்டி அங்கே போய் அடைத்துக்கொள்ளும். உயிரே போகலாம். காலைப் பிடித்துவிட்டதை அடுத்து இப்படி நேர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நோயாளி தானே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், டாக்டர் சொன்னவுடன் எழுந்து நடப்பதும் கட்டி உருவாகாமல் தடுக்கும். உருவான பின் பிறர் பிசைவது அதை அவிழ்த்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சூடாகிச் சிவந்தாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலி தோன்றினாலோ தைலம் தேடாதீர்கள். நர்ஸை உடனே கூப்பிடுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

பழைய கலைதான்

பிடித்துவிடுதல் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் இதற்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றும் இது பாடம். ஆனால் முறுக்கலும் இழுத்தலும் உடல் நோவுக்கு உரியவை. ஈரம் காயாத தையலோடு படுத்திருப்பவருக்கு உரியவை அல்ல. மேல்நாட்டிலும் இது செவிலியரின் கலையாகவே இருந்தது. 1894-ல் லண்டனில் செவிலியர் நால்வர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே பிரிட்டனின் பிசியோதெரபி சங்கம். இரவு தூங்கப் போகுமுன் நோயாளியின் முதுகை நீவிவிடுவது ஒரு காலத்தில் செவிலியரின் அன்றாடக் கடமை. மருந்துகள் பெருகி, கருவிகள் பெருகி, எழுதவேண்டிய பதிவேடுகளும் பெருகிய பிறகு அந்த 20 நிமிடம் எங்கோ போய்விட்டது.

நம் நாட்டு வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தவர்கள், அவரிடம் 20 நிமிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் நம் ஊரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகில் வீட்டு மனிதர் ஒருவர் இருக்கிறார். நேரமும் அவரிடம் இருக்கிறது. முதலில் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும், இது தவறக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வலி மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது. மருந்து இறங்கும் ஊசி உள்ள கையைத் தொடக்கூடாது. மறு கையை எடுத்துக்கொள்ளலாம். தோல் வழுக்கும் அளவுக்குத் துளி எண்ணெய் போதும். உள்ளங்கையைக் கட்டை விரலால் வட்டமாக, மென்மையாக அழுத்தி, புறங்கையையும் முன்கையையும் 8 வினாடி வேகத்தில் நீவ வேண்டும். காய்ச்சலோ, தோலில் புண்ணோ, இரத்தம் எளிதில் கசியும் நோயோ இருந்தால் வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்வு மரத்த பாதத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே அழுத்தம் மிஞ்சினாலும் நோயாளியால் சொல்ல முடியாது. "போதும்" என்று அவர் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

அன்று அத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் மாமாவின் இடது கையைப் பிடித்தார். வலது கையில் ஊசி இருந்தது. பத்து நிமிடம் போயிருக்கும். "கொஞ்சம் தேவலை" என்றார் மாமா. பிறகு ஒரு தலையணையை எடுத்து வயிற்றில் அணைத்துக்கொண்டு, நர்ஸ் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தபடி, முதல் தடவையாக நன்றாக இருமினார்.